9-ஆம் வகுப்புக்கு மனிதநேயப் பொறியியல்: 40 பிள்ளைகள், 8 கல்லூரி வழிகாட்டிகள், ஆறு சனிக்கிழமை. எந்தச் சவாலைக் கொடுக்கலாம்?

மல்லிச்சரம் (பதிவு 1)

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 40 பேர். மதுரையிலிருந்து பொறியியல் கல்லூரி இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 8 பேர் ஆறு சனிக்கிழமை வந்து வழிகாட்டச் சம்மதித்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கு ஒருவர். குழுவுக்கு 1,500 ரூபாய் செலவழிக்கலாம். வழிகாட்டிகள் அனுப்பிய பட்டியல்: பாட்டில் வடிகட்டி, பலூன் கார், செய்தித்தாள் பாலம், அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வைத்த மண் ஈர உணரி. எதை எடுக்கலாம், எதை விடலாம்? பொருள், அளவு, எங்கே சொதப்பும் என்பதோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கலுங்கு (பதிவு 2)

பலூன் காரும் பாலமும் நல்ல விளையாட்டு. ஆனால் அதில் ஆள் இல்லை. மனிதநேயப் பொறியியல் என்று பெயர் வைத்தால், இதைப் பயன்படுத்தப்போகிறவர் யார், அவர் கையில் எவ்வளவு காசு, உடைந்தால் ஊரிலேயே யார் சரிசெய்வார் என்ற மூன்று கேள்விக்கும் முதல் நாளே விடை வேண்டும். 1992-ல் மதுரையில் தொடங்கிய அரோலேப் (அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவு) இதற்கு நல்ல உதாரணம். கண்புரை அறுவையில் பொருத்தும் உள்விழி லென்ஸ் என்ற பொருள் உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. அதை ஏழைக்கும் எட்டும் விலையில் இங்கேயே செய்ய முடியுமா என்பதுதான் அங்கே சவால். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் படுத்த வேண்டாம்.

பாட்டில் வடிகட்டியை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பெப்சி பாட்டிலைத் தலைகீழாக வெட்டி, பஞ்சு, அடுப்புக்கரி, மணல், கூழாங்கல் போட்டுச் சேற்றுத் தண்ணீரை ஊற்றினால் தெளிவாக வரும். எல்லாரும் கை தட்டுவார்கள். அந்தத் தண்ணீரில் கிருமி அப்படியே இருக்கும். அடுப்புக்கரி, கடையில் விற்கும் தண்ணீர் வடிகட்டியில் போடும் ஊக்கப்பட்ட கரி அல்ல. ‘தெளிவு என்றால் சுத்தம்’ என்ற தப்பான பாடத்தைத்தான் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகும். அதைவிடச் செய்யாமல் இருப்பதே மேல்.

திருப்புளி (பதிவு 3)

கலுங்கு அண்ணன் சொல்வது சரி, ஆனால் வடிகட்டியை முழுசாகத் தள்ளிவிட வேண்டாம். உயிர்மணல் வடிகட்டி என்று ஒன்று இருக்கிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990-களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. ஆறு வாரத்துக்கு அளவெடுத்தது போல் பொருந்தும், ஏனென்றால் மணலின் மேற்பரப்பில் உயிர்ப்படலம் (கிருமியைத் தின்னும் நுண்ணுயிர்களின் மெல்லிய அடுக்கு) வளர ஏறத்தாழ 30 நாள் பிடிக்கும். முதல் சனிக்கிழமையே கட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அவ்வளவுதான்.

பள்ளி அளவுக்கு: 110 மி.மீ. பிவிசி குழாய் ஒரு மீட்டர், அடியில் மூடி, பிசின். மூடிக்கு மேலே பக்கவாட்டில் துளையிட்டு 6 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயைப் பொருத்தி வெளியே மேல்நோக்கி ஏற்றுங்கள். அடியில் 6 முதல் 12 மி.மீ. ஜல்லி 5 செ.மீ., அதன்மேல் 0.7 முதல் 6 மி.மீ. பொடிக்கல் 5 செ.மீ., அதன்மேல் 0.7 மி.மீ.க்குக் குறைந்த மணல் 54 செ.மீ. மணல் சுமார் 4.6 லிட்டர், ஏழு கிலோ வரும். வெளிக்குழாயின் வாய், மணலின் மேல்மட்டத்துக்குச் சரியாக 5 செ.மீ. மேலே நிற்க வேண்டும். ஓட்டம் நின்ற பிறகும் மணல்மேல் 5 செ.மீ. தண்ணீர் எப்போதும் தேங்கியிருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கூடினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் படலம் வரை இறங்காது. குறைந்தால் வெயிலில் காய்ந்துவிடும், ஊற்றும் தண்ணீர் மணலைக் குடைந்தும்விடும். மேலே ஓட்டை போட்ட ஒரு தட்டை வைத்து அதன்வழியே ஊற்றுங்கள்.

சொதப்பும் இடங்கள்:

வெளிக்குழாயின் முனையில் நீளமாக ஒரு ரப்பர் டியூபை மாட்டிக் கீழே தொங்கவிடுவார்கள். அது உறிஞ்சுகுழாயாக மாறி மணல் வரை தண்ணீரை இழுத்துவிடும். படலம் செத்துப்போகும். வெளிக்குழாயின் வாயில் எதையும் மாட்டாதீர்கள், திறந்து மூடும் திருகும் வேண்டாம்.

உலர்ந்த மணலைக் கொட்டிவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால் இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். எப்போதும் தண்ணீர் முதலில், மணல் பிறகு.

பிவிசியின் உட்சுவர் வழுவழுப்பு. தண்ணீர் மணலுக்குள் போகாமல் சுவரோரமாகக் குறுக்குவழியில் இறங்கும். உப்புத்தாளால் உள்ளே நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ரசமட்டம் (பதிவு 4)

ஓட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் திருப்புளி, பிள்ளைகளுக்குக் கணக்கே அங்கேதான். ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 400 லிட்டர் என்பது உச்சவரம்பு. 110 மி.மீ. குழாயின் உட்பரப்பு சுமார் 85 சதுர செ.மீ. அப்படியானால் மணிக்கு 3.4 லிட்டர், நிமிடத்துக்கு 57 மி.லி. அளவுக்குடுவையும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். குழாய் நிறைந்திருக்கும்போது அளக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 மி.லி. வந்தால் மணலை அளவுக்கு மீறிக் கழுவியிருக்கிறார்கள். 20 மி.லி.தான் என்றால் கழுவியது பத்தாது.

எவ்வளவு கழுவ வேண்டும் என்பதற்கு எளிய சோதனை: கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், பாதி தண்ணீர். குலுக்கி வைத்துவிட்டு மூன்று நான்கு நொடியில் பாருங்கள். தண்ணீர் வழியே மணலின் மேற்பரப்பு தெரிந்தால் போதும். தண்ணீர் பளிச்சென்று ஆகும்வரை கழுவக் கூடாது, வேண்டிய நுண்மணலும் போய்விடும்.

மணல் எங்கே எடுப்பது? ஆற்று மணலில் அழுக்கும் உயிர்க்கழிவும் அதிகம். கல் உடைத்த மணல்தான் இதற்குச் சிறந்தது. மேலூர்ப் பக்கம் இது எம்-சாண்டு என்ற பெயரில் தாராளமாகக் கிடைக்கும். கடையில் வாங்கியதை 24 மெஷ் (அங்குலத்துக்கு 24 கண்) கம்பிவலையில் சலித்தால் 0.7 மி.மீ. கிடைக்கும். கொசுவலை உதவாது, அதன் கண் பெரிது.

ஒரு தடவைக்கு எவ்வளவு ஊற்றுவது? மணலின் இடைவெளி சுமார் 40 சதவீதம் என்று வைத்தால் 1.8 லிட்டர். அதற்குமேல் ஊற்றினால் உள்ளே ஊறிக்கிடந்த தண்ணீரைத் தாண்டி அன்று ஊற்றியதே வெளியே வந்துவிடும். ஊற்றியபின் குறைந்தது ஒரு மணி நேரம், அதிகபட்சம் 48 மணி நேரம் இடைவெளி. சனி மாலையும் திங்கள் காலையும் ஊற்றினால் ஞாயிறு விடுமுறை தாங்கும். தொடர் விடுமுறை வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். தினமும் ஒரே இடத்துத் தண்ணீராக இருக்கட்டும், ஊருணித் தண்ணீர் ஒருநாள், போர்த் தண்ணீர் மறுநாள் என்று மாற்றினால் படலம் தடுமாறும்.

மல்லிச்சரம் (பதிவு 5)

அருமை. இந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடித்துப் பார்க்கலாமா? வழிகாட்டி ஒருவர் டிடிஎஸ் மீட்டர் கொண்டுவருகிறேன், அதில் குறைவாகக் காட்டினால் குடிக்கலாம் என்கிறார்.

கலுங்கு (பதிவு 6)

கூடவே கூடாது. எந்தக் குழுவும் தான் வடிகட்டியதைக் குடிக்கக் கூடாது என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது கரைந்த உப்பை. கிருமி எத்தனை கோடி இருந்தாலும் அதில் ஒரு புள்ளிகூட ஏறாது. மணல் வடிகட்டி உப்பைக் குறைக்கவே குறைக்காது, ஆகவே மீட்டர் முன்னும் பின்னும் ஒரே எண்ணைக் காட்டும். பிள்ளைகள் ‘வடிகட்டி வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுவார்கள். இந்திய தர நிர்ணயம் 10500 (2012)-இன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கலாம், வேறு வழி இல்லாத ஊரில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடு 1 மி.கி., வேறு வழியில்லாவிட்டால் 1.5. மணலால் ஃபுளோரைடு போகாது. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். (வீடு வீடாக வந்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுப் பழுப்பாக்கிக் காட்டி ஆர்ஓ விற்பவர்களின் வித்தையையும் இதே வகுப்பில் உடைக்கலாம். பழுப்பு வருவது தண்ணீரிலிருந்து அல்ல, இரும்புக் கம்பி கரைவதால்.)

கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை. குவாலியரில் இருந்த நம் விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட முறை, இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. பல ஊராட்சிகளில் இருக்கும் தண்ணீர் ஆய்வுப் பெட்டியிலும் இந்தக் குப்பி உண்டு, கேட்டுப் பாருங்கள். கோடு வரை தண்ணீர் நிரப்பி மூடி 24 முதல் 48 மணி நேரம் அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். கறுத்தால் மலக்கலப்புக்கு வாய்ப்பு. மதுரை வெயிலில் தனிச்சூடு தேவையில்லை. 1, 3, 5-ஆம் வாரங்களில் உள்ளே போன தண்ணீர், வெளியே வந்த தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர் என மூன்று குப்பி வையுங்கள். கொதித்த குப்பியும் கறுத்தால் தப்பு தண்ணீரில் இல்லை, கையிலோ மூடியிலோ இருக்கிறது.

திருப்புளி (பதிவு 7)

மூன்று வாரம் கழித்தும் வெளியே வந்த குப்பி கறுத்தால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். அதுதான் நல்ல பாடம் என்று வழிகாட்டி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உயிர்மணல் வடிகட்டி பெரும்பகுதிக் கிருமியைக் குறைக்கும், முழுக்க அல்ல. அதனால்தான் வடிகட்டிய பிறகு குளோரின் போடுவது. 1,000 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 2 மி.கி. வீதம் வேண்டுமென்றால் 2 கிராம் குளோரின். ப்ளீச்சிங் பவுடரில் 25 சதவீதம்தான் குளோரின் என்றால் 8 கிராம் தூள். தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்க வேண்டும். இருக்காது. ஏன்? பாக்கெட்டைத் திறந்து வெயில் படும் அலமாரியில் போட்டு மாசக்கணக்கானால் 25 சதவீதம் பத்தாகக்கூட இறங்கியிருக்கும். கணக்கு சரி, சரக்கு பழசு. இதை வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது, பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தூளைக் கையாள்வது மட்டும் வழிகாட்டி, கண்ணாடி, கையுறையோடு. கழிப்பறை அமிலம் அதே அறையிலேயே இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு.

வடகரை (பதிவு 8)

நீங்கள் மூன்று பேரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். எட்டுக் குழுவும் வடிகட்டி கட்டினால் ஏழு குழு வேடிக்கைதான் பார்க்கும். வடிகட்டி இரண்டு குழுவுக்குப் போதும். மற்றவர்களுக்கு ஒரே சவாலைத் தராதீர்கள்.

மிதிக்குழாய்: சத்துணவுக்கு முன்னால் கை கழுவ. 5 லிட்டர் எண்ணெய் கேன், கவைக்கம்பு இரண்டு, குறுக்குக்கம்பு, மிதிக்கட்டை, நைலான் கயிறு. கேனைக் குறுக்குக்கம்பில் தொங்கவிட்டு, அதன் மூடியை மிதிக்கட்டையோடு கயிற்றால் இணைக்க வேண்டும். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், மூடியிலிருந்து சுமார் 12 செ.மீ. கீழே 3 மி.மீ. ஆணியைச் சூடாக்கித் துளையிட வேண்டும் (வழிகாட்டி மட்டும்). துளைமட்டம் வரைதான் தண்ணீர். மிதித்தால் கேன் சாயும், விட்டால் நிமிரும். நிமிரவில்லையா? தொங்கும் புள்ளிக்குக் கீழே எடை போதவில்லை என்று பொருள். ஈர்ப்பு மையப் பாடம் அங்கேயே வந்துவிடும். பாதி காலியான பின் மிதித்தாலும் வராது, ஏனென்றால் மட்டம் இறங்க இறங்கக் கூடுதல் சாய்வு வேண்டும். மிதிகட்டையை நீளமாக்குவதா, துளையை இறக்குவதா என்று சண்டை போடவிடுங்கள். துளையை இறக்கினால் கொள்ளளவு குறையும். பத்துப் பேர் சோப்போடு கை கழுவியதும் மொத்தச் செலவை அளந்து பத்தால் வகுத்து, திறந்த குழாயில் ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். முதலில் நைவது கயிறுதான், மூடியில் உரசும் இடத்தில்.

சரிவுப்பாதை: இதற்குக் காசே வேண்டாம். நிறையப் பள்ளியில் சக்கர நாற்காலிச் சரிவு பெயருக்கு இருக்கும். 1:12 (ஒரு பங்கு ஏற 12 பங்கு நீளம்) இருக்க வேண்டியது பல இடத்தில் 1:5 போலச் செங்குத்தாக இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் தெளிவான லெவல் டியூப் பத்து மீட்டர், அளவுநாடா, சாக்பீஸ். தாழ்வாரம் 45 செ.மீ. உயரம் என்றால் சரிவு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 1.5 மீட்டர் சமதளம். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் தப்பும். இரு முனையையும் அருகருகே வைத்து முதலில் சரிபாருங்கள். கண்ணைக் கட்டி நடக்கவைப்பது, நாற்காலியில் மாறி மாறி உட்காரவைப்பது எல்லாம் வேண்டாம். அது விளையாட்டாகப் போய்விடும். சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரை அழைத்து அரை மணி நேரம் கேளுங்கள். கட்டுவது பிள்ளைகள் வேலை அல்ல. 1:10 அளவில் அட்டை மாதிரியும் அளவுத்தாளும் பள்ளி மேலாண்மைக் குழு கையில் போகட்டும்.

கலுங்கு (பதிவு 9)

வடகரை சொன்னதோடு வெள்ள முகாம் கணக்கையும் ஒரு குழுவுக்குக் கொடுக்கலாம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லையில் நடந்தது பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கமே தண்ணீர் நின்றது. ஊர்க் கல்யாண மண்டபத்தில் 300 பேர் தங்க வேண்டும் என்று வையுங்கள். ஸ்பியர் எனப்படும் பன்னாட்டு நிவாரண அளவுகோல்: ஆளுக்கு 3.5 ச.மீ. கூரையடி இடம், நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கு மூன்று பங்கு ஆண்களுக்கு ஒரு பங்கு. ஆக 1,050 ச.மீ., 4,500 லிட்டர், இரண்டு குழாய், 15 கழிப்பறை. குழாய்க்கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்: நிமிடத்துக்கு 7.5 லிட்டர், எட்டு மணி நேரம், 3,600 லிட்டர். 250-ஆல் வகுத்தால் 15-ஐ ஒட்டி வரும். பிறகு உண்மையான மண்டபத்தை நாடா பிடித்து அளக்கட்டும். தூணும் மேடையும் சமையல்கட்டும் கழித்துப் பார்த்தால் இடம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். கழிப்பறைக் கணக்கில்தான் பெரிய பற்றாக்குறை தெரியும். முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று என்று தளர்த்தலாம், அப்போதும் ஆறு வேண்டும்.

திருப்புளி (பதிவு 10)

மண் ஈர உணரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மலிவான இரண்டு கம்பி உணரிக்கு ஓயாமல் மின்சாரம் கொடுத்தால் மின்பகுப்பில் சில வாரத்திலேயே அரித்துப்போகும். அளவெடுக்கும் நொடிக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும், அல்லது மின்தேக்கு வகை உணரி வாங்க வேண்டும். ஆனால் அதை யார் கேட்டார்? தோட்டக்காரர் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். அர்டுயினோ மேல் ஆசை என்றால் பள்ளி மேல்தொட்டி வழிந்தோடுவதை எடுங்கள். அதற்கும் மிதவைச் சுவிட்சும் 9 வோல்ட் பஸ்ஸரும் போதும், பலகையே வேண்டாம்! மீயொலி உணரி தொட்டி மூடியின் அடியில் நீராவி படிந்து பொய் சொல்லும்.

ரசமட்டம் (பதிவு 11)

வழிகாட்டிகளுக்கு ஒரு நாள் பயிற்சி தராமல் உள்ளே விடாதீர்கள். கல்லூரிப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதுதான் தொந்தரவு. பத்து நிமிடம் பொறுக்கமாட்டார்கள், பிள்ளை கையிலுள்ள திருப்புளியைப் பிடுங்கித் தாங்களே முறுக்கிவிடுவார்கள். கட்டும் நேரத்தில் வழிகாட்டியின் கை பின்னால். ஆபத்து என்றால் மட்டும் முன்னால் வரலாம். ‘இப்படிச் செய்’ என்பதற்குப் பதில் ‘இதை எப்படி அளப்பாய்?’ என்று கேட்கட்டும்.

பையன்கள் ரம்பம் பிடிப்பார்கள், பெண்பிள்ளைகள் நோட்டு எழுதுவார்கள். சொல்லாமலே இப்படி ஆகிவிடும். கட்டுபவர், அளப்பவர், எழுதுபவர், பொருள் காப்பவர், பேசுபவர் என்று ஐந்து வேலை. ஒவ்வொரு சனியும் சுற்ற வேண்டும்.

தேதி: அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு நவம்பர்–டிசம்பர், ஏப்ரல்–மே தேர்வு. பள்ளிக்குச் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் இரண்டு பக்கமும் காலி. ஜனவரியில் தொடங்கலாம் என்று நினைத்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடியும்வரை ஒருத்தரும் வரமாட்டார்கள்.

வழிகாட்டி தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது, பிள்ளைகளின் தனி எண்ணுக்குச் செய்தி அனுப்பக் கூடாது. ஆசிரியர் இருக்கும் குழுவில் மட்டும் பேச்சு. கண்மாய்க்குப் போனால் கரையோடு சரி, மடைப்பக்கம் இறங்கக் கூடாது.

மதிப்பெண்ணில் பாதியை ‘எது உடைந்தது, அதன்பின் எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் எண் என்ன’ என்ற ஒரு பக்கத்துக்கு வையுங்கள். தெர்மாகோலுக்கும் கலர்த்தாளுக்கும் மதிப்பெண் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டால் 1,500-இல் பாதி மிஞ்சும்.

மல்லிச்சரம் (பதிவு 12)

முடிவு செய்துவிட்டோம்: வடிகட்டி 2 குழு, மிதிக்குழாய் 2, சரிவுப்பாதை 2, முகாம் 1, தொட்டி மணி 1. ஜூலை மூன்றாம் சனி தொடக்கம். இரண்டு சந்தேகம். ஒன்று, கறுத்த குப்பியை என்ன செய்வது? இரண்டு, எங்கள் தாழ்வாரம் 62 செ.மீ. உயரம். முன்னால் முற்றம் 4 மீட்டர்தான், அப்புறம் கொடிக்கம்பம். சரிவுக்கு இடமே இல்லையே?

கலுங்கு (பதிவு 13)

குப்பியைத் திறந்து சாக்கடையில் ஊற்றாதீர்கள், உள்ளே வளர்ந்திருப்பது கிருமி. ப்ளீச்சிங் கரைசலை நிறைய விட்டு ஒருநாள் வைத்துக் கழிப்பறையில் கொட்டுங்கள். திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வகுப்பறைக்கு வெளியே.

வடகரை (பதிவு 14)

62 செ.மீ. என்றால் 7.44 மீட்டர் சரிவு, மேலே 1.5 மீட்டர் சமதளம், மொத்தம் 8.94. முற்றத்தை நோக்கி நேராக நீட்டினால் இடம் இல்லைதான். தாழ்வாரச் சுவரை ஒட்டி நீளவாக்கில் போடுங்கள். முற்றத்தில் 1.2 மீட்டரும் கைப்பிடிக்குக் கொஞ்சமும்தான் போகும், கொடிக்கம்பம் அப்படியே நிற்கும். ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறந்தால் அதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

ஒன்று கவனியுங்கள். நீங்கள் 62 அளந்தது படியின் அடியில். சரிவு முடியும் இடம் அங்கிருந்து ஏழு எட்டு மீட்டர் தள்ளி. மழைத்தண்ணீர் வடிய முற்றத்தையே சாய்த்திருப்பார்கள், ஆகவே அங்கே உயரம் 62 இருக்காது, 55-ஆகவோ 70-ஆகவோ இருக்கும். 70 என்றால் நீளம் 8.4 மீட்டராகிவிடும். பிள்ளைகளை டியூபோடு அங்கே அனுப்பி மூன்று தடவை அளந்து எண்ணைப் போடுங்கள், வரைபடம் பார்த்துச் சொல்கிறேன்.